குரல்கள் அடங்கிய பிறகு: தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு 20 வயதில் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது போன்ற மனநோய்) வந்தது. அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் ஜன்னலோரம் நிற்பான். மாத்திரை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் அந்தக் குரல்கள் அடங்கின. அதற்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

புளி, தீப்பெட்டி, அரை லிட்டர் பால் வாங்கி வரச் சொன்னால் பாலோடு மட்டும் திரும்புவான். பாடப் புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்துவிட்டு மூடி வைப்பான். நாலு பேர் கூடிப் பேசும்போது ஒருவர் சொன்னது அவனுக்குப் பிடிபடுவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அதனாலேயே ஆட்கள் வந்தால் வாயே திறக்க மாட்டான். அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்றார். நானும் ஒருநாள், "வேணும்னே பண்றியாடா?" என்று கத்தியிருக்கிறேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த முறை கடைக்குக் கிளம்பும்போது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனான்.

நாங்கள் மாதாமாதம் போன மருத்துவமனையில் கேள்விகள் மாறியதே இல்லை. குரல் கேட்கிறதா? தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறானா? சரி, அதே மாத்திரையைத் தொடருங்கள். படித்தது மண்டையில் நிற்கிறதா என்று ஒன்றரை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வெளியே நின்ற வரிசையின் நீளம் எனக்கும் தெரியும். எந்த மருத்துவரையும் தனியாகக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தம்பி கல்லூரியை விட்டது அந்த ஒன்றரை வருடத்தில்தான்.

கடைசியில் வேறு ஊரில் ஒரு உளவியலாளர் உட்கார வைத்து விளக்கினார். கவனமும் நினைவும் யோசிக்கும் வேகமும் குறைவது இந்த நோயின் ஒரு பகுதி. பலருக்குக் குரல்கள் கேட்பதற்கு முன்பே அது லேசாகத் தொடங்கிவிடும். குரலை அடக்கும் மாத்திரை இதைப் பெரிதாகச் சரிசெய்வதில்லை. ஆனால் படிப்பையும் வேலையையும் தொடர முடியுமா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கிறது. அப்பா அன்றைக்கு வீடு திரும்பும் வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

கவனத்துக்கும் நினைவுக்கும் பயிற்சி தர அந்த உளவியலாளர் அம்மாவிடம் கேட்டது ஒரு தாம்பாளமும் கொஞ்சம் தானியமும்தான். பச்சரிசி, பாசிப்பயறு, உளுந்து மூன்றையும் கலந்து கொட்ட வேண்டும். தம்பி தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். எவ்வளவு நேரம், எத்தனை தப்பு என்று நான் நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் செய்தித்தாளில் ஒரு பத்தி முழுக்க 'க' வரும் இடங்களை மட்டும் அடிப்பது. வாங்க வேண்டிய சாமான்களை வகை பிரித்து மனதில் வைத்துக்கொள்வது. முதல் நாள் நாலு நிமிடத்தில் தாம்பாளத்தைத் தள்ளிவிட்டான். ஆறாவது வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் நிமிராமல் பிரித்தான். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது உங்களுக்குப் புதிதல்ல. பெங்களூரின் நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில், முதல்முறை மனச்சிதைவு (சைக்கோசிஸ் வரும் நோய்களில் ஒன்று) வந்தவர்களுக்கு வீட்டிலேயே தரும் இதுபோன்ற அறிவாற்றல் பயிற்சியைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். லண்டனில் டில் வைக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2011-இல் இந்தப் பயிற்சி பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்தது. இத்தாலியின் அந்தோனியோ வீட்டா குழு 2021-இல் 130 ஆய்வுகளை, 8,851 பேரின் விவரங்களோடு தொகுத்தது. இரண்டிலும் தெரிவது: பலன் மலையளவு இல்லை, ஆனால் உண்மையாக இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து, உத்திகளைச் சொல்லிக்கொடுத்து, படிப்பு, வேலை போன்ற மறுவாழ்வு முயற்சிகளோடு சேர்த்து நடத்தும்போது அது கூடுகிறது. போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவது பயிற்சி ஆகாது.

இன்னொன்றைத் தயங்கித்தான் எழுதுகிறேன். குரலை அடக்கும் மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்குத் தருகிற ட்ரைஹெக்ஸிபெனிடில் என்ற மாத்திரை நினைவை மந்தமாக்கக்கூடியது என்று நீங்களே படித்திருப்பீர்கள். தம்பியின் சீட்டில் அது நடுக்கம் நின்ற பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்தது. நாங்களாக நிறுத்தவில்லை, யாரும் அப்படி நிறுத்தவும் கூடாது. ஒவ்வொரு முறை சீட்டு எழுதும்போதும் அந்த வரி இன்னும் தேவைதானா என்று ஒரு நொடி பாருங்கள்.

இதற்கு ஆள் எங்கே என்பீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் இடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மறுவாழ்வுச் சேவையையும் நோயாளியின் உரிமையில் சேர்த்திருக்கிறது. குடும்பமும் இருக்கிறது. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனமும் கனடாவில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகமும் இரண்டு ஊர்களிலும் முதல்முறை நோய் வந்தவர்களை ஒப்பிட்டபோது, சிகிச்சையில் குடும்பத்தின் பங்கு சென்னையில்தான் கூடுதலாக இருந்தது. ஓ.பி. வாசலில் காத்திருக்கும் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள், மீதியை நாங்கள் செய்கிறோம். ஆனால் முதல் சில மாதங்களிலேயே தொடங்குங்கள், கல்லூரியில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கும்போதே.

தம்பி இப்போது ஒரு அச்சகத்தில் பாதி நாள் மெய்ப்புப் பார்க்கிறான். மாத்திரையும் தொடர்கிறது. சில நாட்கள் தடுமாறுகிறான். உள்ளங்கை போய் இப்போது சட்டைப் பையில் சின்ன நோட்டு.

நாளை உங்கள் முன்னால் ஒரு 20 வயதுப் பிள்ளை வந்து உட்காரும்போது, "குரல் கேட்குதா?" என்பதோடு இதையும் கேட்டுவிடுங்கள்: "கடைக்குப் போனா என்ன வாங்கணும்னு ஞாபகம் இருக்காப்பா?"

இப்படிக்கு,
ஒரு அக்கா