கைவேலைக்காகக் கடைக்குப் போக வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்ததும் நம் பள்ளியில் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி இருக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டவோ அலமாரியில் வைக்கவோ தகுந்த அலங்காரப் பொருள் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் செய்து வர வேண்டும். டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்தான். ஆனால் போன வருஷம் நடந்ததைப் பார்த்த பிறகு, கடிதமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

போன வருஷம் மேசை முழுக்கத் தெர்மாகோல். தெர்மாகோலில் கலங்கரை விளக்கம், தெர்மாகோலில் பாம்பன் பாலம், எல்லாவற்றின் மேலும் ஜிகினா. அழகாகத்தான் இருந்தன. நான்காம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "இந்தத் தூணை எப்படிடா இவ்வளவு நேராக வெட்டினாய்?" என்று கேட்டேன். "மாமா வெட்டுனாங்க சார், நான் பிடிச்சுக்கிட்டேன்" என்றான். செலவு 400 ரூபாயாம். அவன் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கிய கடன் அடைவதற்குள் பள்ளிக்கூடம் இன்னொரு செலவு வைத்திருக்கிறது. எதைக் கொண்டு செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு.

அதனால் இந்த முறை ஒரே நிபந்தனை: கைவேலைக்காகக் கடையில் எதுவும் வாங்கக் கூடாது. பசைகூட வேண்டாம். இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் நல்ல பசை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போடுகிறார்களே என்று மயில்துத்தம் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது விஷம்.

எனக்கு மிகவும் பிடித்தது பேப்பர் கூழ் கிண்ணம். என் அம்மா பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர் இது, அரிசி கழுவிய தண்ணீரே போதும். பிறகு பிழிந்து, ஊறவைத்த வெந்தயம் ஒரு கைப்பிடி சேர்த்து அம்மியில் மைபோல அரைப்பார். வெந்தயத்தின் கொழகொழப்புதான் கூழைப் பிடித்து நிறுத்துவது. அரைத்ததை, கவிழ்த்த சட்டியின் மேல் ஈரத்துணி போட்டு, விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். பாதி காய்ந்ததும் துணியோடு கழற்றி, உள்பக்கமும் வெயிலில் காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் கிண்ணம் ஒன்றில் பதினைந்து வருஷம் பூண்டு கிடந்தது. பிள்ளைகள் அதன் மேல் கோலம் வரையலாம், பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒட்டலாம். மாடியில் காயவைக்கும்போது உள்ளே ஒரு கல்லை வையுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பேப்பர் கிண்ணம் எம்மாத்திரம்.

அடுத்தது அப்பாக்களுக்கு. வலை பொத்தும் கைகளுக்குத் தெரிந்த முடிச்சுகளை எந்தக் கைவேலை டீச்சராலும் சொல்லித்தர முடியாது. வீட்டில் கிடக்கும் பழைய நைலான் கயிற்றில் ஒரு உறி கட்டப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். உப்புத்தாளில் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசிய சிரட்டை ஒன்றை அதில் வைத்து, அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பினால் தொங்கும் செடித்தொட்டி. கயிற்றை முதலில் நன்றாக அலசிவிடுங்கள், உப்பு இருந்தால் எப்போதும் பிசுபிசுக்கும். முனை பிரியாமல் இருக்கத் தீயில் காட்டுவதும் சிரட்டையில் ஓட்டை போடுவதும் பெரியவர்கள் வேலை. முடிச்சு போடுவது பிள்ளையின் வேலை. தப்பாகப் போட்டால் அவிழ்த்து மறுபடி போடட்டும்.

கிழிந்த சேலையைப் பட்டையாகக் கிழித்து ஜடைபோலப் பின்னி, வட்டமாகச் சுருட்டித் தைத்தால் மிதியடி. இதை நான் விளக்க வேண்டியதில்லை, நம் அம்மாக்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, சங்கு எதுவும் பள்ளிக்கு வரக் கூடாது. பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. சங்குகளிலும் சில வகைகள் அதில் உண்டு. எது கூடும், எது கூடாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை பிரித்துப் பார்க்காது, அதனால் எல்லாமே வேண்டாம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பவளக்கல்லில்தானே கட்டினார்கள் என்று ஒரு பெண் போன வாரம் கேட்டாள். ஆமாம், அந்தக் காலத்தில் பவளக்கல்லை வெட்டி வீடே கட்டினார்கள். இப்போது மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அதுபோக, கரையில் கிடக்கும் காலிச் சங்கு உண்மையில் காலி இல்லை. நாளைக்கு ஒரு நண்டு அதில் குடிவரும்.

ஓலை வேலைக்குப் பள்ளியே ஏற்பாடு செய்கிறது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து குருத்தோலை வரும். கொட்டான், கிலுகிலுப்பை முடையத் தெரிந்த பாட்டிமார் யாராவது மாலை மூன்று மணிக்கு மேல் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பெரிய உதவி. இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெற்றிலைப் பெட்டியோடு வரலாம், வகுப்பறைக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் உட்காரப் போகிறோம்.

இந்த முறை முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. கோணலாக இருந்தாலும் மேசையில் இடம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையிடமும், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்பேன். "மாமா செய்தார்" என்றால் மாமாவைத்தான் கூப்பிட்டுப் பாராட்ட வேண்டியிருக்கும்.

பொருள்களை ஆகஸ்ட் 13 மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: உடைந்த வளையல் துண்டுகளை ஒட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம். புளியங்கொட்டை ஒட்டட்டும்.