படத்தை முன்னே போக விடு

அம்மாடி,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பழைய தியேட்டர், பேசாத படம், திரைக்குக் கீழே உட்கார்ந்து நீ பியானோ வாசிக்கப் போகிறாய், அதுவும் பஸ்டர் கீட்டன் நடித்த 'தி ஜெனரல்'! முப்பது வருஷம் ஆபரேட்டர் அறையில் நின்றவன் நான், உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வேகம். நொடிக்கு 24 பிரேம், அதாவது பிலிமில் இருக்கிற தனித்தனிப் படங்கள் 24 ஓடுவது என்பது, பேசும்படம் வந்த பிறகு நிலைத்தது. ஒலியும் படத்தோடு சேர்ந்து ஓடுவதால் வேகம் ஏறி இறங்கினால் குரல் கீச்சென்று ஆகிவிடும். அதற்கு முன்னால் கேமராவைக் கையால் சுற்றினார்கள், 16, 18, 20 என்று படத்துக்குப் படம் மாறும், சில சமயம் காட்சிக்குக் காட்சிகூட. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குறைந்த வேகத்தில் எடுத்த ஒரு பழைய பேசாத படத்தை 24-லேயே வேகமாக ஓட்டினோம், எங்கள் புரொஜெக்டரில் வேறு வேகம் கிடையாது. ஒரு தாய் பிள்ளையின் படுக்கையருகே விழுந்து அழுகிற இடம். அவள் கை குருவிச் சிறகு மாதிரி படபடத்தது, ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்த நடிகை அப்படியா நடித்தாள்? நாங்கள்தான் அவளை அப்படி ஆக்கினோம். இன்னமும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

இப்போது டிஜிட்டல் பிரதி, வேகத்தை அவர்களே சரிசெய்து வைத்திருப்பார்கள், சரி. ஆனால் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும், ஓடும் நேரமும் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். நீ வீட்டில் வைத்துப் பழகுகிற பிரதிதான் அன்றைக்கும் ஓடுமா என்று இன்றே கேட்டுவிடு, இல்லாவிட்டால் உன் கணக்கெல்லாம் தப்பிப்போகும்.

அப்புறம் வாசிப்பு. அந்தக் காலத்தில் பெரிய தியேட்டரில் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கும், சின்னதில் ஒரே ஒரு பியானோ. எந்தக் காட்சிக்கு எந்த மாதிரி இசை, எவ்வளவு நேரம் என்று குறித்த தாள் பல படங்களுக்குக் கூடவே வரும். நல்ல வாசிப்பாளர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் திரையைப் பார்த்து வாசிப்பார். நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. படம் முன்னே போகட்டும், நீ அரை அடி பின்னால் போ.

காதலி கோபித்துக்கொண்டு போனதும் பஸ்டர் கீட்டன் ரயில் இஞ்சின் சக்கரங்களை இணைக்கிற இரும்புத் தண்டின்மேல் போய் உட்காருவார், ஞாபகம் இருக்கிறதா? இஞ்சின் நகரும், தண்டு அவரை மேலே தூக்கும், கீழே இறக்கும், மறுபடி தூக்கும், அது தெரியாமலே துக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஷெட்டுக்குள் போகிறபோதுதான் திடுக்கிடுவார். அங்கே துள்ளலாக எதையும் வாசித்துவிடாதே. அவர் துக்கத்தை மட்டும் வாசி, சிரிக்கவைக்கிற வேலையை அந்தச் சக்கரம் பார்த்துக்கொள்ளும்.

அதே மாதிரி எரிகிற பாலம். 1926-ல் நிஜ இஞ்சினையே பாலத்தோடு ஆற்றில் விழவைத்து எடுத்த காட்சி அது, பொம்மை இஞ்சின் இல்லை. எல்லாருக்கும் அங்கே இரண்டு கையாலும் ஓங்கி அடிக்கத் தோன்றும். நீ பாலம் முறிகிற நொடியில் கையை எடுத்துவிடு. அடுத்து ஓர் அதிகாரி வாயடைத்து நிற்கிற முகம் வரும், அது முடிகிறவரை தொடாதே. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற சத்தம் உனக்கே கேட்கும்.

நீ வாசிக்கப் போகிற தியேட்டர் மாதிரிப் பழைய கட்டடங்கள் மைக் இல்லாத காலத்தில் கட்டியவை, குரலும் வாத்தியமும் தானாகவே கடைசி வரிசைவரை போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருப்பார்கள். அதனால் ஒரு தடவையாவது மைக் இல்லாமல் வாசித்துப் பார். நோட்டுத் தாளுக்கு மேலே வைக்கிற விளக்கின் வெளிச்சம் திரையில் படக்கூடாது, கொஞ்சம் பட்டாலும் இருட்டுக் காட்சிகள் வெளுத்துவிடும். பியானோவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் திரை கோணலாகத் தெரிந்து கழுத்தும் வலிக்கும், பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் கேள், கேட்கக் கூச்சப்படாதே.

அம்மாவும் நானும் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறோம். ஒத்திகையில் நீ வாசி, நான் பால்கனியின் கடைசி மூலைவரை நடந்து, எங்கே கேட்கிறது எங்கே கேட்கவில்லை என்று வந்து சொல்கிறேன்.

அப்பா