செஞ்சி ஏன் அத்தனை ஆண்டுகள் வீழவில்லை

அன்பு மகன் இளங்கோவனுக்கு,

நலம், நலமறிய ஆவல். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான் என்று அறிந்த உன் புனே நண்பர்கள், ராஜாராம் மகாராஜா முகலாயப் படையை எதிர்த்து எட்டு ஆண்டுகள் அங்கே எப்படித் தாக்குப்பிடித்தார் என்று கேட்டதாகவும், நீ மதிலின் பருமனையும் மலையின் உயரத்தையும் சொல்லிச் சமாளித்ததாகவும் எழுதியிருந்தாய். மதில் பாதி விடைகூட இல்லை என்பது என் எண்ணம். மீதியைச் சொல்ல ஒரு கடிதமாவது வேண்டும்.

1689 மார்ச்சில் மராட்டிய அரசர் சம்பாஜியை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கொன்றபின் மராட்டிய அரசே முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து, அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். 1677இல் பீஜப்பூர் ஆட்களிடமிருந்து இந்தக் கோட்டையைக் கைப்பற்றிப் பலப்படுத்தியவர் அவர்கள் தந்தை சிவாஜி. மகனுக்கு அது கடைசிப் புகலிடமாயிற்று. மராட்டியத் தலைநகர் ராய்கட்டை வென்ற முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 செப்டம்பரில் படையோடு வந்து இறங்கினார். கோட்டை விழுந்தது 1698இன் தொடக்கத்தில். ஆக, எட்டு ஆண்டு என்பது சற்றுத் தாராளமான கணக்கு. இடையில் முற்றுகையே இல்லாத காலமும் உண்டு.

முற்றுகை என்றால் உள்ளே ஒரு மூட்டை நெல்லும் போகக்கூடாது, வெளியே ஓர் ஆளும் வரக்கூடாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடுகிறது. அதைச் சுற்றி முழு வளையம் போட சுல்பிகார் கானிடம் போதிய ஆள் இல்லை. அவருடைய பாளயம் ஒரு பக்கம் கிடக்க, மறுபக்கத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். நீ சிறுவயதில் ஓடி விளையாடிய அந்தப் பெரிய களஞ்சியங்களை நினைத்துப் பார். சுற்றிலும் நெல் விளையும் சீமை, மலைமேல் வற்றாத சுனை, அடைபடாத வழி. இவை இருக்கும்வரை மதில் இன்னும் பத்தடி தாழ்வாக இருந்திருந்தாலும் பெரிய வேறுபாடு ஏற்பட்டிருக்காது.

இரு தரப்பையும் வாட்டியது பணமும் வெடிமருந்தும்தான். இதில் ஆதாயம் அடைந்த மூன்றாவது தரப்பைப் பற்றி உன் நண்பர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சுல்பிகார் கானுக்கு வெடிமருந்து கொடுத்துச் சலுகை பெற்றது சென்னப்பட்டணத்து ஆங்கிலேயக் கம்பெனி. அதே 1690இல், பணத்துக்குத் தவித்த ராஜாராம் தரப்பிடமிருந்து கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியதும் அதே கம்பெனிதான். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவுவரை நிலம் அவர்களுடையது என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. நீ ஊருக்கு வர ரயில் ஏறும் எழும்பூரும், புரசைவாக்கமும் தண்டையார்பேட்டையும் 1693இல் முகலாயத் தரப்பிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தவை. செஞ்சியில் மோதிக்கொண்ட இருவரில் ஒருவருக்கும் இப்படி ஒரு நிலையான லாபம் வாய்க்கவில்லை.

1692 டிசம்பரில் நிலைமை தலைகீழாயிற்று. மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரும் குதிரைப்படையோடு வடக்கிலிருந்து வந்து, காஞ்சிபுரத்து முகலாயத் தளபதி அலி மர்தான் கானைச் சிறைபிடித்து, பாளயத்துக்கு வரும் தானியத்தை மறித்தார்கள். முற்றுகையிட வந்தவர்கள் தாங்களே முற்றுகைக்குள் அகப்பட்டார்கள். பேரரசர் இறந்துவிட்டார் என்ற வதந்தி வேறு. சுல்பிகார் கானுக்குத் துணையாக அனுப்பப்பட்டிருந்த இளவரசர் காம் பக்ஷ், கோட்டைக்குள் இருந்த ராஜாராமுடனேயே இரகசியமாகப் பேச்சு நடத்தினார். சுல்பிகார் கானும் அவர் தந்தை அசத் கானும் பேரரசரின் மகனையே காவலில் வைக்க நேர்ந்தது. 1693 ஜனவரியில் ஒரு சமாதானம் பேசி, படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பின்பு தஞ்சாவூர்வரை சென்று கப்பம் பெற்றார்களே தவிர, 1694இன் இறுதிவரை செஞ்சிப் பக்கம் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மீண்டும் வந்து பாளயம் அடித்தபின்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏன் ஆயிற்று? அந்தப் படையில் தளபதி தளபத் ராவிடம் பணியாற்றிய பீம்சேன் என்பவர் விடையை எழுதியே வைத்திருக்கிறார்: சுல்பிகார் கான் விரும்பியிருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம், வேலையை இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம். வந்த அன்றே என்பது மிகைதான். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவரின் எரிச்சலை ஒதுக்கிவிட முடியாது. முற்றுகை நீடிக்கும்வரை கர்நாடகச் சீமை (அன்று செஞ்சி, ஆற்காடு வட்டாரத்துக்கு அதுதான் பெயர்) முழுதும் தளபதியின் கையில். முடிந்தால் அடுத்த கடினமான போர்முனைக்கு ஆணை வரும். ஔரங்கசீப்புக்கோ வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப்பின் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போது தெற்கில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று சுல்பிகார் கான் கணக்குப் போட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

பேரரசரின் பொறுமை தீர்ந்தபின் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். ராஜாராம் முதலில் வேலூருக்கும் பின்பு மராட்டிய நாட்டுக்கும் தப்பிப் போனார். சுல்பிகார் கானுக்குத் தெரியாமல் அது நடந்திருக்க முடியாது என்றே பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதன்பின் முகலாயத் தளபதிகள் தாவுத் கானும் தளபத் ராவும் உண்மையாகவே மதில் ஏறித் தாக்கியபோது மலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. குடும்பத்தார் பிடிபட்டார்கள், அரசர் பிடிபடவில்லை. போர் மகாராஷ்டிரத்தில் தொடர்ந்தது. கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று புதுப்பெயர் வைத்ததுதான் மிச்சம்.

மதில்தான் காத்தது என்று யாரேனும் இன்னும் வாதாடினால் 1750 செப்டம்பரைச் சொல். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதே மதில்களை ஓர் இரவில் தாண்டினார். விடியும்போது கோட்டை அவர் கையில் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருப்பது இந்த இரண்டும் அல்ல; 1714இல் ஒரே நாள் சண்டையில் உயிர்விட்ட தேசிங்கு ராஜாவும் அவர் குதிரையும்தான். அவருக்குப் பாட்டு இருக்கிறது. ஏழெட்டு ஆண்டு முற்றுகையைப் பாடுவதற்குப் புலவனுக்கும் பொறுமை வேண்டுமல்லவா!

நண்பர்களை அழைத்து வருவதானால் தை மாதத்தில் வா. சித்திரை வெயிலில் ராஜகிரி ஏறினால் அவர்கள் செஞ்சியைச் சபித்துவிட்டுப் போவார்கள். முதலில் கிருஷ்ணகிரியில் ஏற்று. அங்கிருந்து மூன்று மலைகளுக்கு இடையே உள்ள தொலைவை அவர்களே கண்ணால் அளந்து, அதை வளைக்க எத்தனை ஆயிரம் ஆள் வேண்டியிருக்கும் என்று சொல்லட்டும்.

அன்புடன்,
அம்மா