முனுசாமி யார் என்று கேட்டாயே

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கண்ணு,

பிறக்கப்போகும் பிள்ளைக்கு யார் வீட்டுக் குடும்பப் பெயர் என்று நீயும் மாப்பிள்ளையும் மல்லுக்கு நிற்பதாக அம்மா சொன்னாள். நம் குடும்பப் பெயர் 'முன்சாமி' என்ன சாதி, எந்த ஊர் என்று அங்கே சென்னைக்காரர்கள் கேட்கிறார்களாமே. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், எழுதிவிடுகிறேன்.

சாதியும் இல்லை, ஊரும் இல்லை. அது ஓர் ஆளின் பெயர், முனுசாமி. முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு யாரோ பிள்ளைக்கு வைத்த பெயர்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை பதிவேட்டில் எழுதினார்கள். ஊரில் நமக்கு ஏது குடும்பப் பெயர்? இங்கே காகிதத்துக்கு ஒன்று வேண்டியிருந்தது. சிலர் பிள்ளை, செட்டி, படையாச்சி என்று பட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார். மற்றவர்களுக்குத் தகப்பன் பெயரே ஒட்டிக்கொண்டது.

நம் வீட்டில் கப்பல் ஏறியவர் என் தாத்தாவின் அப்பா, கோவிந்தன். முனுசாமி அவருடைய அப்பா. அவர் கடலையாவது பார்த்தாரோ என்னவோ! வராதவர் பெயரைத்தான் நாம் நாலு தலைமுறையாகக் கையெழுத்துப் போடுகிறோம்.

அதிலும் ஒழுங்கில்லை. என் தாத்தாவுக்கு முன்சாமி என்று பதிந்தார்கள், அவர் அண்ணனுக்கு மட்டும் கோவிந்தன். இங்கே டர்பனிலேயே மெர்பேங்கில் இருக்கும் கோவிந்தன் வீட்டார் நம் பங்காளிகள். தெரியாமல் அந்த வீட்டுப் பெண்ணை உன் சித்தப்பாவுக்குப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றும் அளவுக்குப் போய்விட்டது. ஆயாதான் கணக்குப் பார்த்து நிறுத்தினாள். அப்புறம் எழுத்துப் பிழை வேறு. நான் மூன்சாமி, சித்தப்பா முன்சாமி. உன் தாத்தா போனபின் வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றப் போனால், இரண்டு பேரும் ஒரே அப்பா பிள்ளைகள்தானா என்று கேட்டாள் ஒரு குமாஸ்தா.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் நம் ஆட்களை இளக்காரமாக 'சாமி' என்றே கூப்பிட்டார்கள். சாமி என்றால் எஜமான், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று நம்மவர்கள் திருப்பிக் கொடுத்ததைக் காந்தி எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த இடம் அது.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். குடும்பப் பெயர் மாப்பிள்ளை வீட்டுடையதாகவே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. நடுப்பெயர் ஒன்று மட்டும் கேட்கிறேன், கோவிந்தன். கரும்புக் காட்டில் முதுகு ஒடிந்தவர் அவர். நம் கிளையில் இன்று அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை.

பெண் பிறந்தால் கோவிந்தம்மா என்றேன். அம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அதை நீயே அவளிடம் பேசிக்கொள்.

அன்புடன்,
அப்பா