நுரை வராத சோப்பு

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேனு,

நேற்று போனில் நீ சொன்ன இரண்டு விஷயங்களும் ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தன. நான் கொடுத்தனுப்பிய சோப்பில் நுரையே வரவில்லை, வாளி ஓரத்தில் வெள்ளையாக என்னமோ ஒட்டுகிறது என்றாய். அப்புறம், யாழினி பாத்திரம் கழுவும் லிக்விடை எடுத்து சோப்புக் குமிழி முட்டை விட்டே பாதி பாட்டிலைக் காலி செய்துவிட்டாள், முதுகில் ஒன்று வைத்தேன் என்றாய். போனில் பேசினால் ஏதாவது ஒரு வேலை நடுவில் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோப்பின் மேல் குற்றம் இல்லை கண்ணு. நீ சிறுவாணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். இங்கே ஒரு தேய்ப்பு தேய்த்தாலே கை நிறைய நுரை வரும். அங்கே உங்கள் அபார்ட்மெண்டில் வருவது போர் தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து கிடக்கின்றன. சோப்பு தண்ணீரில் இறங்கியதும் அவை பாய்ந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு கால்சியம் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைக் கட்டிப் போட்டுவிடும். அப்படிக் கட்டுண்டது தண்ணீரில் கரையாது, நுரைக்காது, அழுக்கையும் எடுக்காது. வாளி ஓரத்தில் நீ பார்த்த வெள்ளை அதுதான். கெட்டிலின் அடியில் படியும் சுண்ணாம்பும் இதே கால்சியத்தால் வருவதுதான்.

ஒரு சோதனை செய்து பார். இரண்டு காலி பாட்டில் எடு. ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர், இரண்டிலும் சம அளவு. சோப்பைச் சீவி ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டு மூடி, யாழினியைக் குலுக்கச் சொல். ஒன்றில் நுரை கழுத்து வரை ஏறும், இன்னொன்று மோர் மாதிரி கலங்கி நிற்கும். முப்பது வருஷம் பள்ளிக்கூட லேபில் இதைத்தான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நுரை நிலைக்க எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணுவோம். சொட்டு கூடக்கூடத் தண்ணீர் கடினம், அதாவது அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம்.

இப்போது யாழினி விஷயம். அந்தப் பாத்திர லிக்விட் மட்டும் அதே தண்ணீரில் எப்படி நுரைக்கிறது என்று யோசித்தாயா? அது சோப்பு அல்ல, டிடர்ஜெண்ட். கால்சியம் வந்து பிடித்தாலும் அது கரைந்தபடியே இருக்கும். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஒரு மூலக்கூறின் தலை தண்ணீரை விரும்பும், நீண்ட வால் எண்ணெயை விரும்பித் தண்ணீரை வெறுக்கும். வால்கள் ஒன்றுகூடி எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, தலைகள் வெளியே தண்ணீர்ப் பக்கம் நிற்கும். அப்படியே பிசுக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

நம் வீட்டுச் சோப்பில் அந்த வால் காங்கயத்துத் தேங்காய் எண்ணெயிலிருந்து வருகிறது. எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினில் கோத்திருக்கும். காஸ்டிக் சோடா அதை வெட்டிவிடும். மூன்று சோப்பு, ஒரு கிளிசரின். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் வால் குட்டை, பன்னிரண்டு கார்பன்தான். அதனால்தான் சட்டென்று கரைந்து பெரிய பெரிய நுரையாக எழும்பும். ஒரு கிலோ எண்ணெய் முழுதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் வேண்டும். நான் 170தான் போடுவேன். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் தங்கினால் தோல் வறளாது. முதல் தடவை அலுமினியக் குண்டாவில் கலக்கிவிட்டு, அது பொங்கிக் கறுத்ததைப் பார்த்து நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை விடும். நீ எப்போதாவது செய்தால் ஸ்டீல் பாத்திரம்தான் எடுக்க வேண்டும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. யாழினி பக்கத்தில் இருக்கவே கூடாது.

சரி, முட்டைக்கு வருகிறேன். சோப்பு தண்ணீரின் மேல்தோலை வலுவாக்குகிறது, அதனால்தான் குமிழி நிற்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். வெறும் தண்ணீரின் மேல்தோல் இழுப்புதான் பலமானது. சோப்பு அதை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் குறைத்துவிடுகிறது. குமிழியின் சுவரில் வெளியே ஒரு சோப்பு வரிசை, உள்ளே ஒரு சோப்பு வரிசை, நடுவில் தண்ணீர். எங்காவது ஓரிடம் இழுபட்டு மெலிந்தால் அங்கே சோப்பு விலகிக் குறைகிறது. குறைந்ததுமே அந்த இடத்தின் இழுப்பு கூடுகிறது. கூடிய இழுப்பு பக்கத்திலிருந்து சோப்பையும் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்து, மெலிந்த இடத்தை மறுபடி நிரப்புகிறது. ஒவ்வொரு நொடியும் குமிழி தன்னைத் தானே தைத்துக்கொண்டுதான் மிதக்கிறது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு இது சலித்ததே இல்லை தேனு.

இதையெல்லாம் அளந்து பார்க்க வழி கண்டவர்களில் ஒரு பெண்ணை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்னஸ் போக்கெல்ஸ், ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரில் இருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகம் இல்லை. பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் மேற்பரப்பை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு தகரத் தொட்டியும் ஒரு சட்டைப் பொத்தானும் வைத்து அந்த இழுப்பை அளந்தார். 1891ல் இங்கிலாந்தின் இயற்பியல் விஞ்ஞானி ரேலே பிரபுவுக்கு அதைக் கடிதமாக எழுதினார். ஜெர்மனில் இருந்த கடிதத்தை ரேலேயின் மனைவி மொழிபெயர்க்க, ரேலே அதை நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். 1932ல் ஆக்னஸின் ஊர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது அவருக்கு எழுபது வயது. சிங்க் முன்னால் ஸ்டூல் போட்டு நிற்கிற பிள்ளையை அடிக்காதே கண்ணு. லிக்விட் போனால் போகிறது.

அவளுக்கு நல்ல கரைசலாகவே செய்து கொடு. ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர், இரண்டு ஸ்பூன் லிக்விட், மருந்துக்கடையில் விற்கும் கிளிசரின் ஒரு ஸ்பூன். கிளிசரின் தண்ணீரைச் சீக்கிரம் ஆவியாக விடாது. சென்னைக் காற்றின் ஈரமும் குமிழிக்கு நல்லதுதான். கையை அந்தக் கரைசலில் நனைத்துக்கொண்டு ஏந்தினால் குமிழி உடையாது என்று சொல்லிக்கொடு.

உன் சோப்புக்கும் ஒரு வழி சொல்கிறேன். உடம்புக்கு அரை வாளி தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற, தெளிய விட்டு எடுத்துக்கொள். கடினத்தில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும், நுரை கொஞ்சம் மேலாகும். மழை வரும்போது மாடியில் ஒரு டிரம் வைத்துப் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. விளக்கெண்ணெய் கொஞ்சம் சேர்த்து ஆறு கட்டி ஊற்றி வைத்திருக்கிறேன், நுரை கொஞ்சம் நேரம் தாங்கும். ஆனால் ஊற்றிப் பத்து நாள்தான் ஆகிறது. நாலு வாரம் காய்ந்த பிறகுதான் அனுப்புவேன்.

யாழினியிடம் ஒரு வேலை சொல். ஒரு வளையலைக் கரைசலில் முக்கி எடுத்து, ஜன்னல் பக்கம் செங்குத்தாக ஆடாமல் பிடிக்கட்டும். தண்ணீர் கீழே வடிய வடிய, படலத்தின் மேல் ஓரம் மெலிந்துகொண்டே போகும். பச்சையும் சிவப்பும் பட்டை பட்டையாக இறங்கும், அப்புறம் வெள்ளி மாதிரி வெளுக்கும், கடைசியில் உச்சியில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். அங்கே படலம் ஒரு மில்லிமீட்டரில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. முன் முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் பின் முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் கறுப்பு. அது தெரிந்த கொஞ்ச நேரத்தில் உடைந்துவிடும். எத்தனை எண்ணுவதற்குள் கறுப்பு வந்தது என்று அவளே அம்மிச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா