தட்டட்டியில் இரண்டடி இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் 27 வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். பக்கத்துக் கிராமங்களில் இப்போது எழும்பும் அரசின் கனவு இல்லம் திட்ட வீடுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள்: தட்டட்டியில், அதாவது கான்கிரீட் கூரையில், வெளிச்சம் வர இடம் விடுங்கள்.

நாங்கள் முன்பு இருந்தது வளவுக்குள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே, ஓர் ஓட்டு வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னலுக்கு வழியே கிடையாது. நடு அறைக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் கீழே உட்கார்ந்துதான் அம்மா பீடி சுற்றுவாள். தரையில் விழும் வெயில் கட்டத்துக்குள் உட்கார மாட்டாள். நனைத்து வைத்த இலை காய்ந்து நொறுங்கிவிடும். ஒரு முழம் தள்ளித்தான் பாய் விரிப்பாள். கட்டம் நகர்ந்தால் பாயும் நகரும்.

ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டது நான்தான். ஒழுகிவிடுமோ என்று பயந்து வெளிச்சத்துக்கு இடமே விடவில்லை. அப்புறம் அம்மா பட்டப்பகலில் டியூப்லைட் போட்டாள். கரண்ட் போனால் முறத்தைத் தூக்கிக்கொண்டு தார்சாவுக்கு (முன் தாழ்வாரத்துக்கு) வருவாள். இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது.

கனவு இல்லம் 360 சதுர அடி. நெருக்கமான தெருவில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி வந்துவிட்டால் ஜன்னல் வைத்தும் பயனில்லை. தட்டட்டி வழியாகத்தான் வெளிச்சம் வர முடியும். கான்கிரீட் ஊற்றப் பலகை (சென்ட்ரிங்) அடிக்கும்போதே இரண்டடிக்கு இரண்டடி பெட்டி வைத்து, சுற்றிலும் கூடுதல் கம்பி கட்டி இடம் விட வேண்டும். தளம் இறுகிய பிறகு உடைத்தால் கம்பி அறுபட்டுப் பலம் போய்விடும்.

மட்டமாகக் கண்ணாடி பதிப்பதும் சரியில்லை. நம் ஊரில் சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சூடு மொத்தமும் வீட்டுக்குள் இறங்கும். துளையைச் சுற்றி ஒன்றரை அடி எழுப்பி, பக்கங்களில் கண்ணாடி வைத்து, மேலே அரையடி வெளியே நீட்டி ஒரு மூடுதளம் போட வேண்டும். உச்சி வெயில் தடைபடும், வெளிச்சம் வரும். ஒரு பக்கக் கண்ணாடியைத் திறக்கிற மாதிரி வைத்தால் சூடான காற்றும் வெளியேறும். திருடர் பயத்துக்கு உள்ளே கிரில் போட்டுக்கொள்ளலாம்.

என் மகள் வீட்டில் இப்படித்தான் வைத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில்கூட அது வழியாக ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்கள் இதை வரைபடத்திலேயே சேர்த்து, அதற்கான செலவையும் அரசு தரும் மூன்றரை லட்சத்துக்கு மேல் தனியாகத் தர வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் ஏற்கெனவே கடன் வாங்கித்தான் முடிக்கிறார்கள். யாராவது நேரில் பார்க்க வந்தால் மகள் வீட்டைக் காட்டுகிறேன். முதல் வீட்டுக்குக் கூலி வாங்காமல் நானே செய்து தருகிறேன்.

கொத்தனார் ஒருவர்,
முக்கூடல்.