பணித்தளம் போகிறவர்கள் அதே ஊருக்கு மறுபடியும் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஏரல் வட்டாரத்தில் வயரிங் வேலை செய்கிறவன். எங்கள் பக்கம் இப்போது சேகரத்துக்குச் சேகரம் (சில சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்), மிஷனெரிகள் ஊழியம் செய்கிற பணித்தளம் பார்க்கப் போகிறோம் என்று வாலிபர்களும் பெண்களும் கிளம்புகிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, குஜராத் என்று ரயில் ஏறி, ஒரு வாரமோ பத்து நாளோ தங்கி, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, கொண்டுபோன துணிமணிகளைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நல்ல காரியம், நானும் அப்படிப் போகிறவன்தான். ஆனால் இந்த வருஷம் ஜார்க்கண்ட் என்றால் அடுத்த வருஷம் குஜராத், அதற்கடுத்த வருஷம் இன்னும் பார்க்காத ஏதாவது ஒரு இடம் என்று ஊர் மாற்றி ஊர் போகிறோமே, அது எனக்குப் பெரிய மனவருத்தமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2019 ஜனவரியில் நான் முதல்தடவை ஜார்க்கண்ட் போனேன். திருநெல்வேலி ஜங்ஷனில் ஹவுரா ரயில் ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு நாள். அங்கிருந்து பாகூர் பக்கம் இன்னொரு ரயில், அப்புறம் ஜீப், அப்புறம் நடை. ராஜ்மகால் மலை. பஹாடியா என்கிற பழங்குடி மக்கள் இருக்கிற இடம். மலைச்சரிவில் சோளமும் தட்டாம்பயறும் போட்டுப் பிழைக்கிறார்கள், குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் கீழே ஊற்று வரைக்கும் இறங்கி ஏற வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருவர் குடும்பத்தோடு அங்கே பத்து வருஷத்துக்கு மேல் மிஷனெரியாக இருக்கிறார். நாங்கள் கொண்டுபோன முதலூர் மஸ்கோத் அல்வா டப்பாவை அவர் மனைவி கையில் வாங்கியதும் திறக்காமல் கொஞ்சநேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ச் சாமான் ஒன்றைப் பார்த்தால் தூர தேசத்தில் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த முதல் பயணத்தில் நாங்கள் செய்த வேலையைப் பற்றி உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் படிக்கிற மண்சுவர்க் கட்டடத்துக்கு நீல பெயின்ட் அடித்தோம், நாங்களே கலர் முடிவுபண்ணி வாங்கிக்கொண்டு போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருந்தது பெயின்ட் அல்ல, சுவரின் அடியில் ஓடிய வெடிப்புகளை அடைத்துப் பூசுவது. அந்தப் பக்கம் காலா அசார் என்று ஒரு காய்ச்சல் உண்டு, வாரக்கணக்கில் விடாமல் அடிக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னுக்குத் தள்ளும், கவனிக்காமல் விட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும். அதைப் பரப்புகிற மணல் ஈ அடைவதே இந்த மாதிரி ஈரமான சுவர் வெடிப்பில்தான். இதெல்லாம் நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. வந்தவர்கள் ஆசையாக அடிக்கிறார்கள், எதற்கு மனசை நோகடிக்க வேண்டும் என்று அவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

என் பங்குக்கு நான் சோலார் பேனலும் பேட்டரியும் வைத்து ஆறு விளக்குப் போட்டுக்கொடுத்தேன். கரண்ட் இல்லாத ஊரில் முதல்நாள் சாயங்காலம் ஆறு விளக்கும் ஒன்றாக எரிந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஜெபம் பண்ணி, போட்டோ எடுத்து, ரயில் ஏறி வந்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயர் என்னை நிறுத்தி, போய்வந்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன், எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்த ஜனவரியில் எங்கள் குழு வேறு மாநிலத்துக்குத் திட்டம் போட்டது. எனக்கு அந்தப் பிள்ளைகள் ஞாபகமாகவே இருந்ததால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே மலைக்குப் போனேன். போய்ப் பார்த்தால் ஆறில் நாலு விளக்கு எரியவில்லை. பேட்டரியைத் திறந்தேன். தண்ணீர் மட்டம் காட்டுகிற மிதவை எல்லாம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து ஒயரையே தின்றிருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாது என்ன, நான் சொல்லவே இல்லை. அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஐந்து நிமிஷத்தை எங்கள் நிகழ்ச்சிநிரலில் யாரும் வைக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்த இரண்டாவது தடவைதான் எனக்கு அந்த ஊர் சொந்தமானது. பதினைந்து பதினாறு வயசுப் பையன் ஒருவன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான், எழுந்து போகவே இல்லை. வெந்நீர் ஊற்றி டெர்மினலைக் கழுவ, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க, காய்ந்தபிறகு வாஸ்லின் தடவ, மிதவை பச்சைக் கோடு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற, எல்லாம் நான் ஒருதடவை செய்தேன், அடுத்ததை அவனே செய்தான். என் இந்தி நாலு வார்த்தை, அவன் இந்தி என்னைவிடக் கொஞ்சம் மேல். ஆனாலும் நட்டு எந்தப் பக்கம் திருகுவது என்பதற்கு பாஷை தேவைப்படவில்லை.

அவன் பாட்டி வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோறு போட்டுவிட்டு என் நெஞ்சைத் தொட்டு “நீன்” என்றார்கள். தன் நெஞ்சைத் தொட்டு “ஏன்” என்றார்கள். நான் எதற்கு ஏன் என்று கேட்கிறார்கள் என்று விழித்தேன். மிஷனெரித் தம்பிதான், “அண்ணாச்சி, அவங்க பாஷையில ஏன் என்றால் நான், நீன் என்றால் நீ” என்று சொன்னார். மால்தோ என்று அந்தப் பாஷைக்குப் பேர். நம்ம தமிழுக்கு உறவுமுறைப் பாஷை, திராவிடக் குடும்பம். நம்ம இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லே ராஜ்மகால் மொழிக்கும் நம்ம மொழிகளுக்கும் உள்ள உறவை எழுதிவைத்திருக்கிறார். சுமார் 2000 கிலோமீட்டர் தள்ளி, இந்தியும் வங்காளமும் சந்தாலியும் சுற்றியிருக்கிற ஒரு மலைமேல், ஒரு கிழவி என்னைப் பார்த்து நீன் என்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வருஷமும் அதே பாட்டி அதே வாசலில்தான் இருந்திருக்கிறார்கள், அப்போது நான் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா பற்றி நம்ம சபைகளில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதில் முன்னே நின்றவர், பிறகு தோர்னக்கலில் 1912 முதல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர்களில் முதல் பேராயர். அவர் 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேராகப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். நம்ம ஊர்க்காரர் கேட்டது அது. இன்றைக்கு நாம் பை நிறையத் துணியும் பென்சிலும் தூக்கிக்கொண்டு வடக்கே போகிறபோது, அன்றைக்கு அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

வெளிநாட்டிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த மிஷனெரிகளில் நாம் இன்றைக்கும் பேர் சொல்லி நினைக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். 1820-ல் வந்த ரேனியஸ் 1838-ல் இறந்து பாளையங்கோட்டை மண்ணில்தான் கிடக்கிறார். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் 30 வருஷத்துக்கு மேல். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா 1951-ல் கண்ணை மூடும்வரை, இடையில் ஒருதடவைகூட சொந்த நாட்டுக்குத் திரும்பாமல். அவர்களைப் போல் நம்மால் இருக்க முடியாது, பிள்ளைகுட்டி, பிழைப்பு எல்லாம் இருக்கிறது. பத்து நாள்தான் முடியும் என்றால் சரி, அந்தப் பத்து நாளை வருஷா வருஷம் ஒரே ஊருக்குக் கொடுக்கலாமே.

இனி இரண்டாவது விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே அடித்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு ரயில் நடுவில் நின்றது, தாமிரபரணி கரை தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கடையில் வைத்திருந்த ஒயர்க்கட்டு, மோட்டார், டிரில் எல்லாம் சேற்றில். கரண்ட் இல்லை, போன் இல்லை. சில நாள் கழித்துப் பக்கத்து ஊரில் சார்ஜ் போட்டு டவர் கிடைத்ததும் வந்த முதல் அழைப்பு சொந்தக்காரர்களுடையது அல்ல, ராஜ்மகால் மலையிலிருந்து வந்தது. மிஷனெரித் தம்பி போட்டு அந்தப் பையனிடம் கொடுத்தார். டவர் கிடைக்கிற இடத்துக்கு இரண்டுபேரும் தினமும் இறங்கி வந்து போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவன் கேட்ட முதல் கேள்வி, “உங்க வீட்டுல விளக்கு எரியுதா?”

எரியவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சபையிலிருந்து கொஞ்சம் பணம் வந்தது. தட்டாம்பயறு விற்ற காசு, விறகு விற்ற காசு, கைப்பிடி தானியம் எடுத்துவைத்து விற்ற காசு. தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை, அவர்கள் இருக்கிற நிலைமையில் அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்கிக்கொள்கிறவர்கள் என்று நான் மனதுக்குள் போட்டுவைத்திருந்த கணக்கு அன்றோடு போயிற்று. ஒரே தடவை போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தால் என் நம்பர் அவர்களிடம் இருந்திருக்குமா, இங்கே வெள்ளம் வந்ததே அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

2024 மே மாதம் அந்தப் பையனையும் அவன் சபையிலிருந்து இன்னும் மூன்று பேரையும் இங்கே வரவழைத்தோம். டிக்கெட் செலவு எங்கள் வாலிபர் ஐக்கியமும் பெண்கள் ஐக்கிய சங்கமும் பாதிப்பாதி. தேரியில் பனையைப் பார்த்ததும் அவர்கள் குதித்த குதியைப் பார்க்க வேண்டும், அவர்கள் ஊரிலும் பனை உண்டு, ஏறுகிறார்கள், கள் இறக்குகிறார்கள். ஆனால் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை ஓலைப்பட்டையில் குடித்தது அவர்களுக்குப் புதுசு. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்தன்று அவர்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லி எல்லாரோடும் பந்தியில் உட்காரவைத்தோம், கொஞ்சநேரத்தில் அவர்களே வாளியை வாங்கிக் கறிக்குழம்பு பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளத்தில் கெட்டுப்போன என் கடை சுவிட்ச் போர்டில் மிச்சமிருந்த வேலையை அந்தப் பையன் என்னோடு உட்கார்ந்து முடித்துக்கொடுத்தான்.

ஆகையால் சேகரங்களில் பொறுப்பில் இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். குழு அனுப்பும்போது ஒரு ஊரை எடுத்தால் குறைந்தது மூன்று வருஷம் அதே ஊர், முடிந்தவரை அதே ஆட்கள் என்று வையுங்கள். என்ன வேலை செய்வது என்பதை இங்கே கமிட்டியில் முடிவுபண்ணாமல் அங்கே கேட்டு முடிவுபண்ணுங்கள். கிளம்புமுன் அவர்கள் பாஷையில் ஐம்பது வார்த்தையாவது படித்துக்கொண்டு போகட்டும். நோயாளிகளையும் கிழிந்த சட்டைப் பிள்ளைகளையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், நம்ம வீட்டுப் பிள்ளையை யாராவது அப்படி எடுத்தால் சும்மா இருப்போமா? போகிற செலவில் ஒரு பங்கை அவர்கள் இங்கே வருவதற்கென்று ஒதுக்குங்கள். ரொம்பச் செலவாகும் என்பார்கள். முப்பது பேர் போகிற இடத்தில் இருபது பேர் போனால் அந்தச் செலவு அதிலேயே சரியாகிவிடும்.

ஊர் ஊராகப் போனால்தானே பல இடங்களின் தேவை தெரியும் என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்கு இரண்டு பேர் போய்ப் பார்த்து வந்து சபையில் சொன்னால் போதும், ஒரு பஸ் நிறைய ஆள் வேண்டாம்.

வருகிற ஜனவரியில் நாங்கள் ஏழு பேர் மறுபடியும் போகிறோம். இந்தத் தடவை பெயின்ட் இல்லை, சுவர் பூசுகிறவர் ஒருவர் கூட வருகிறார். பாட்டிக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டதாம், ஆனாலும் என் குரல் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

இப்படிக்கு,
ஒரு எலெக்ட்ரீஷியன்,
ஏரல் வட்டாரம்